பெரிய கெளுத்தித் தொட்டிக்கு எந்தச் செடி?

கெளுத்தி வளர்ப்பவர்கள் செடி வாங்கும்போது செடியைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள்: எவ்வளவு உயரம் வளரும், எவ்வளவு வெளிச்சம் வேண்டும், உரம் போட வேண்டுமா? சின்ன மீன்கள் உள்ள தொட்டிக்கு இந்த விசாரணை போதும். 30 செ.மீ., 40 செ.மீ. என்று வளரும் கெளுத்திக்கு இது போதாது. அங்கே செடி பிழைக்குமா இல்லையா என்பது மீன் கையில்தான் இருக்கிறது. அதனால் உங்கள் மீன் செடியை எந்த வழியில் ஒழிக்கும் என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

பிளெகோ இனத்து மீன்கள் சுரண்டும். தொட்டிக் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நிற்குமே, அந்த 'சக்கர்' மீன்தான். கடையில் விரல் நீளத்தில் இருக்கும் சாதாரண பிளெகோ 40 செ.மீ. வரை வளரும், முதுகுத் துடுப்பு பாய்மரம் மாதிரி நிற்கும் ஜிப்பிசெப்ஸ் 50 செ.மீ.யைத் தொடும். ரெட் டெயில், டைகர் ஷவல்நோஸ் போன்ற வேட்டை மீன்கள் இலையைத் தின்பதில்லை. ஆனால் உடம்பைத் திருப்பும்போதே எல்லாவற்றையும் புரட்டிப் போடும், வாயில் அடங்குவதை விழுங்கியும் பார்க்கும். கோடு போட்ட ரஃபேல், பெரிய சினோடொன்டிஸ் வகைகள் மணலைத் தோண்டும், கல்லுக்கடியில் நுழையும். பங்காசியஸ் நாள் முழுக்க நீந்தும். மிரண்டால் குறுக்கே எது இருந்தாலும் பாய்ந்துவிடும். ஒரே செடி இந்த நாலு பேரிடமும் நாலு விதமாகச் சாகும், அல்லது பிழைக்கும்.

அடுத்தது, செடி உங்களுக்கு எதற்கு என்பது. அழகுக்கா, மீனுக்கு நிழலுக்கா, தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கவா? பெரிய கெளுத்தி நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஃபில்டரில் வாழும் பாக்டீரியா நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். கடைசியில் சேர்ந்துகொண்டே போவது நைட்ரேட். செடி அம்மோனியாவையும் எடுக்கும், நைட்ரேட்டையும் எடுக்கும். ஆனால் வேகமாக வளரும் செடிதான் நிறைய எடுக்கும்.

இங்கேதான் சிக்கல். கெளுத்தியிடம் தப்பிப் பிழைக்கும் செடிகள் எல்லாம் தடித்த இலையோடு மெல்ல வளர்பவை. தண்ணீரைச் சுத்தம் செய்யும் செடிகள் எல்லாம் மென்மையான தண்டோடு மளமளவென்று வளர்பவை. அவைதான் முதலில் காலியாகும். இரண்டும் ஒரே செடியில் கிடைக்கும் என்று எதிர்பார்த்து வாங்குவதால்தான் பலரும் மாறி மாறிச் செடி வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். தண்ணீருக்குள் அப்படி ஒரு செடி இல்லை என்பது என் கருத்து. தண்ணீருக்கு வெளியே இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

கல்லில் கட்டும் செடிகள்: அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், போல்பிடிஸ்

மண்ணில் ஊன்றாத செடியைப் பிடுங்கி எறிய முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த மூன்றும் பட்டியலில் முன்னால் நிற்கின்றன. மூன்றுக்கும் தடித்த, படுத்துக் கிடக்கும் ஒரு தண்டு உண்டு. அதிலிருந்துதான் மேலே இலையும் கீழே வேரும் வரும். அந்தத் தண்டை மணலில் புதைத்தால் அழுகும். கல்லிலோ மரத்திலோ கட்டிவிட்டால் வேர் தானாகப் பற்றிக்கொள்ளும்.

அனுபியாஸ் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் ஓடைக்கரைச் செடி. இலை தோல் மாதிரி தடிப்பாக, விறைப்பாக இருக்கும்; விரலால் மடக்கினால் எதிர்க்கும். குறைந்த வெளிச்சம் போதும். இதிலும் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். எல்லோரும் வாங்கும் நானா வகை 10, 15 செ.மீ. உயரத்தோடு நின்றுவிடும், 40 செ.மீ. மீனுக்குப் பக்கத்தில் அது இருக்கும் இடமே தெரியாது, ஒரு வாலடியில் பாதி இலை கிழியும். பெரிய இலை கொண்ட பார்டெரி வகைதான் இந்தத் தொட்டிக்கு ஏற்றது. இலைக்காம்பு நீளமாக இருப்பதால் மீன் உரசும்போது வளைந்து கொடுத்து நிமிரும்.

அனுபியாஸின் குறை வேகம்தான். புது இலை விட வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒரு இலை போனால் அந்த இடம் பல வாரம் வெறுமையாகவே கிடக்கும். வளர்ச்சி மெதுவாக இருப்பதால் வெளிச்சம் கூடினால் இலை மேல் பாசி படியும், அந்தப் பாசியைத் தின்ன வரும் பிளெகோ இலையையும் சேர்த்துச் சுரண்டும். அனுபியாஸ் இலையில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று மீனைத் திட்டுபவர்கள் விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. ஆறேழு மணி நேரம் இதற்குத் தாராளம்.

ஜாவா ஃபெர்ன் இலை அனுபியாஸை விட மெல்லியது, சுலபமாகக் கிழியும். அப்படியிருந்தும் பல சமயம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். காரணம், கிழிந்த துண்டும் பிழைத்துக்கொள்ளும். முதிர்ந்த இலையைத் திருப்பிப் பாருங்கள்: அடிப்பக்கம் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். நோய் என்று பயந்து வெட்டி எறிபவர்கள் உண்டு. அவை விதைத்தூள் பைகள். வயதான இலை நுனியிலிருந்து சின்னஞ்சிறு இலைகளும் கறுத்த மயிர்வேரும் கொண்ட குட்டிச் செடி முளைக்கும். மீன் அந்த இலையைப் பிய்த்துவிட்டால் குட்டி மிதந்து போய் எங்காவது ஒரு கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டு வளர ஆரம்பிக்கும். அடிபட்டால் பெருகும் செடி இது. பெரும்பாலான மீன்கள் இதைத் தின்பதும் இல்லை. இலையெல்லாம் பிரிந்து பிரிந்து நாகரிகமாக இருக்கும் வின்டெலோவ் போன்ற ரகங்களில் கெளுத்தியின் கழிவு சிக்கி அழுக்காக நிற்கும். சாதாரண அகல இலை ரகமே போதும்.

போல்பிடிஸ் என்ற ஆப்பிரிக்க ஃபெர்னை யாரும் அதிகம் யோசிப்பதில்லை. இது வேகமாக ஓடும் நீரில், பாறைகளின் மேல் வளர்வது. சாதாரணத் தொட்டியில் நீரோட்டம் போதாமல் சோம்பிக் கிடக்கும். பெரிய கெளுத்தித் தொட்டியில் எப்படியும் ஃபில்டர் பலமாக ஓடும், அந்தத் தண்ணீர் வந்து விழும் இடத்தில் இதைக் கட்டிவிட்டால் நன்றாக வரும். வெளிச்சம் பட்டால் ஒளி ஊடுருவும் கரும்பச்சை இலை. அழகில் மற்ற இரண்டும் இதற்குப் பக்கத்தில் வர முடியாது. ஆனால் கடினத்தன்மை அதிகமான தண்ணீரில் அவ்வளவாகத் தேறாது, இலை விறைப்பாக இருப்பதால் மோதலில் ஒடியவும் செய்யும். முதல் செடியாக இதை வாங்க வேண்டாம். அனுபியாஸோ ஜாவா ஃபெர்னோ தேறிய பிறகு முயற்சி செய்யலாம்.

மூன்றையும் எதில் கட்டுவது என்பது செடி எது என்பதற்குச் சமமான விஷயம். ஒரு கிலோவுக்கும் குறைவான கல்லைப் பெரிய கெளுத்தி மூக்காலேயே நகர்த்திவிடும். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கல்லாகப் பாருங்கள், முனைகள் மழுங்கியிருக்க வேண்டும். மீசையும் வயிறும் அதில்தான் உரசப் போகின்றன. கல்லை மணல் மேல் வைக்காமல் மணலை ஒதுக்கிவிட்டுத் தொட்டியின் தரையில் நேராக உட்கார வையுங்கள். மணல் மேல் நிற்கும் கல்லுக்கடியில் மீன் தோண்டினால் கல் சாய்ந்து கண்ணாடியில் விழும்.

கட்டுவதற்கு மீன்பிடி நரம்பு வேண்டாம். கெளுத்தியின் மார்புத் துடுப்பில் இருக்கும் முள் பல வகைகளில் ரம்பப் பல்லோடு இருக்கும். வலையில் மாட்டினாலே எடுப்பது பெரும்பாடு, தொங்கும் நரம்பில் மாட்டினால் கேட்கவே வேண்டாம். பருத்தி நூல் நாளடைவில் மக்கிவிடும், அதற்குள் வேர் பிடித்திருக்கும். கெட்டியான ஜெல் வடிவ சூப்பர் குளூ இன்னும் சுலபம்: தண்டின் அடிப்பக்க ஈரத்தை ஒற்றி எடுத்து, ஒரு சொட்டு வைத்து, கல்லோடு அழுத்திப் பிடித்தால் போதும். காய்ந்த பிறகு மீனுக்கு ஆபத்தில்லை. முடிந்தால் செடியைக் கல்லில் ஒட்டி, மீன் இல்லாத ஒரு வாளியில் அல்லது சின்னத் தொட்டியில் வேர் பிடிக்கும்வரை வைத்திருந்து அப்புறம் மாற்றுங்கள்.

வேர் ஊன்றும் செடிகள்

அமேசான் சுவார்ட் செடியைக் கெளுத்திக்கு உகந்தது என்று பரிந்துரைப்பவர்கள் நிறைய. இரண்டும் தென் அமெரிக்கா, பெரிய செடி, பெரிய மீன் என்ற பொருத்தம் மனதுக்குப் பிடித்துவிடுகிறது. பிளெகோ வைத்திருப்பவருக்கு இதைவிட மோசமான தேர்வு கிடையாது. அகலமான, தட்டையான, மென்மையான இலை; பிளெகோ அதன் மேல் முழு உடம்போடு படுத்துக்கொண்டு, இரவு பூராவும் அரம் போன்ற பல்வரிசையால் ராவும். காலையில் அந்த இலையைப் பறித்து விளக்குக்கு நேரே பிடித்தால் தெரியும்: நரம்புகள் மட்டும் வலையாக நிற்கும், நடுவே பச்சை போய்க் கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய தோல். தொட்டால் அதுவும் கிழியும். ஒரு இலையில் ஆரம்பித்தால் வெளிவட்டத்திலிருந்து உள்ளே வரும். இரவில் வெள்ளரிக்காய், சுரைக்காய்த் துண்டுகளும் சுரண்ட ஒரு மரக்கட்டையும் கொடுத்தால் சேதம் குறையும். அடியோடு நிற்காது.

பிளெகோ இல்லாத தொட்டியில் சுவார்ட் வேறு கதை. வயது வந்த செடியின் வேர்க்கட்டு மிகப் பெரியது. ரஃபேல் போன்ற நடுத்தரக் கெளுத்தியால் அதை அசைக்க முடியாது. ஆனால் இது வேரால் நிறையச் சாப்பிடும் செடி, மணலுக்குள் உர மாத்திரை வைக்க வேண்டியிருக்கும். தோண்டும் மீன் அந்த மாத்திரையை வெளியே எடுத்தால் உரம் முழுதும் ஒரே நேரத்தில் தண்ணீரில் கலக்கும். ரெட் டெயில் தொட்டியில் மாத்திரையை வைப்பதே தவறு; அது கல்லையும் ஹீட்டரையும் விழுங்கிப் பார்க்கும் மீன். நுண்துளை உருண்டைகளாக வரும் செடிமண்ணும் வேண்டாம். ஒரே இரவில் அதைக் கிளறித் தண்ணீரைக் கலங்கல் குட்டையாக்கிவிடும்.

வாலிஸ்நேரியா நாடா போல நீண்டு வளரும், பெரிய ரகங்களின் இலை ஒரு மீட்டரைத் தாண்டி நீர்மட்டத்தில் மடிந்து ஓடும். மீன் உரசினால் வழுக்கிக்கொண்டு போகும், இலை மாட்டாது. தரைக்கடியில் ஓடுகொடி விட்டுப் பரவும் வேகமும் உண்டு, கடினத் தண்ணீரும் பரவாயில்லை. பிரச்சினை முதல் சில வாரங்கள்தான். புதிதாக நட்ட வாலிஸ்நேரியாவை எந்தக் கெளுத்தியும் வாலாலேயே பெயர்த்துவிடும். ஒன்றரை, இரண்டு மாதம் மீனில்லாமல் வேர் பின்னிக்கொள்ள விட்டால் அதன் பிறகு ரஃபேல், சினோடொன்டிஸ் போன்றவற்றைத் தாங்கும். மீன் ஏற்கெனவே இருக்கும் தொட்டியில் நடுவது வீண். பாசி ஒழிக்க விற்கும் 'திரவ கார்பன்' மருந்தை ஊற்றும் பழக்கம் இருந்தாலும் இதை வாங்க வேண்டாம். வாலிஸ்நேரியா அதில் கரைந்துபோகும்.

கிரினம் வகைகளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லலாம். வெங்காயம் போன்ற கிழங்கு, நீளமான வார் போன்ற உறுதியான இலை. மீன்கள் பொதுவாகக் கடிப்பதில்லை. கிழங்கின் கீழ்ப்பகுதியை மட்டும் ஒரு கனமான மண்சட்டியில் நட்டு, மேலே மீனின் வாயில் அடங்காத கூழாங்கற்களை அடுக்கி வைத்தால், வேரூன்றும் செடிகளில் பெரிய கெளுத்தியிடம் பிழைக்க அதிக வாய்ப்புள்ளது இதுதான். மெதுவாக வளரும், இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ளும். கிரிப்டோகோரைன் செடிக்கு அந்தக் கோபம் இன்னும் அதிகம். லேசாக அசைத்தாலே இலையெல்லாம் உருகிவிடும். அதைப் பெரிய கெளுத்தியோடு சேர்த்து யோசிக்க வேண்டாம்.

மிதக்கும் செடிகள்

ஃபிராக்பிட், சால்வினியா, ஹார்ன்வோர்ட், பிஸ்டியா எல்லாம் வேகமாக வளர்பவை, ஆகவே நைட்ரேட்டை நன்றாக இழுக்கும். கெளுத்திக்கு இன்னொரு லாபம் நிழல். பெரும்பாலானவை இரவு மீன்கள். மேலே இலைக்கூரை இருந்தால் பகலிலும் குகையை விட்டு வெளியே வரும். அடியில் வாழும் மீனும் நீர்மட்டத்தில் வாழும் செடியும் சந்திப்பது குறைவு என்பதால் காகிதத்தில் இது சரியான ஜோடி.

நடைமுறையில் இரண்டு இடைஞ்சல்கள். பலமான ஃபில்டர் நீர்மட்டத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தால் ஃபிராக்பிட், சால்வினியா இலைகளின் மேல்பக்கம் நனைந்து அழுகும். காற்றுக் குழாயை வளையமாக முடிச்சுப் போட்டு மிதக்கவிட்டு, செடியை அதற்குள் அடைத்துவைத்தால் இதைச் சமாளிக்கலாம். இரண்டாவது, நீர்மட்டம் முழுக்க மூடினால் காற்றோடு வாயுப் பரிமாற்றம் தடைபடும். செடிகளும் இரவில் ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்கின்றன, கெளுத்தி சுறுசுறுப்பாக இருப்பதும் இரவில்தான். பாதி நீர்மட்டமாவது திறந்திருக்க வேண்டும். விடியற்காலையில் பிளெகோ திரும்பத் திரும்ப மேலே போய்க் காற்றைக் குடித்துவிட்டு வந்தால் அதைச் செல்லச் சேட்டை என்று நினைக்காதீர்கள். அது வயிற்றால் காற்றைச் சுவாசிக்கத் தெரிந்த மீன், தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்போதுதான் அதிகமாக அப்படிச் செய்யும். அந்த வித்தை தெரியாத மீன் சத்தமில்லாமல் தவிக்கும். இதே காரணத்துக்காகப் பெரிய கெளுத்தித் தொட்டியில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. மேலே சொன்ன செடிகள் எதற்கும் அது தேவையும் இல்லை.

ஹார்ன்வோர்ட்டுக்கு உண்மையான வேரே கிடையாது, எங்கே போட்டாலும் வளரும். ஆனால் பெரிய மீன் அடிக்கடி மோதினால் ஊசி இலைகள் கொட்டிக்கொண்டே இருக்கும், ஃபில்டர் வாய் அடைபடும். டக்வீட் பக்கமே போகாதீர்கள். ஒருமுறை வந்தால் போகாது.

வேர் மட்டும் உள்ளே, இலை வெளியே

மணி பிளான்ட்டைத் தொட்டிச் செடியாகச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். பெரிய கெளுத்தி என்று வந்துவிட்டால் தண்ணீரைக் காப்பாற்றும் வேலையில் அதற்கு இணையாக எதையும் நான் சொல்ல மாட்டேன். காரணம் எளிது. நீருக்குள் வாழும் செடிக்குப் பெரிய தட்டுப்பாடு கார்பன் டை ஆக்சைடு. அந்த வாயு தண்ணீரில் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. இலை வெளியே இருக்கும் செடிக்கு அந்தத் தட்டுப்பாடு இல்லை. காற்றிலிருந்து கார்பன், ஜன்னல் வெளிச்சம், கீழே மீன் கழிவிலிருந்து நைட்ரஜன் என்று எல்லாம் தாராளமாகக் கிடைப்பதால் வளர்ந்து தள்ளும். மீனால் இலையைத் தொடவும் முடியாது. பிழைக்கும் குணமும் சுத்தம் செய்யும் குணமும் சேர்ந்து கிடைப்பது இந்த ஏற்பாட்டில்தான். பீஸ் லில்லி, சின்கோனியம், மான்ஸ்டெரா ஆகியவையும் இப்படி வளரும்.

மண்ணில் வளர்ந்த செடியாக இருந்தால் வேரை ஓடும் தண்ணீரில் மண் துளிகூட இல்லாமல் கழுவ வேண்டும். உரமும் பூச்சிமருந்தும் அதோடு வந்துவிடும். அதைவிட நல்லது, கணு உள்ள தண்டை வெட்டி ஒரு கண்ணாடிக் குடுவைத் தண்ணீரில் வைத்து வேர்விட வைப்பது. மண் வேர் தண்ணீரில் பழுப்பாகி ஓரளவு அழுகும், தண்ணீரில் பிறந்த வேர் வெள்ளையாக, சதைப்பற்றாக இருக்கும். அந்த வெள்ளை வேர் நாலைந்து விரல் நீளம் வந்ததும் தொட்டிக்கு மாற்றலாம். இலையும் தண்டின் மேல்பகுதியும் நனையக் கூடாது, நனைந்தால் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

எங்கே வைப்பது என்பதில்தான் கவனம் தேவை. இந்தச் செடிகளின் திசுக்களில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. கடித்தால் வாய் எரியும். பிளெகோ தொங்கும் வேரைச் சுரண்டும், ரெட் டெயில் கொத்தாகப் பிடித்து இழுத்துக் கொடியையே உள்ளே கொண்டுவரும். ஆகவே வேரை மீன் இருக்கும் தண்ணீரில் நேரடியாகத் தொங்கவிடாதீர்கள். தொட்டி விளிம்பில் மாட்டும் ஃபில்டர் பெட்டி, தொட்டிக்கு அடியில் வடிகட்ட வைக்கும் துணைத்தொட்டியான சம்ப், அல்லது துளையிட்ட பிளாஸ்டிக் கூடை, ஏதாவது ஒன்றுக்குள் வேர் இருக்கட்டும். வேர் பெருத்துத் தண்ணீர்ப் பாதையை அடைக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக் கத்தரித்துவிட வேண்டும்.

இதை வைத்துவிட்டதால் தண்ணீர் மாற்ற வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 50 செ.மீ. பிளெகோ ஒரு நாளில் போடும் கழிவுக்கு நாலு கொடி ஈடாகாது. வாரம் கால் பங்கிலிருந்து பாதி வரை தண்ணீர் மாற்றும் வழக்கம் அப்படியே தொடர வேண்டும். நைட்ரேட் சோதனைத் திரவம் வாங்கி அளந்து பாருங்கள். லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே நிற்கிறதா என்பதுதான் கணக்கு. செடி வைத்த பிறகு அந்த எண் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். அந்த அளவே பெரிய உதவி.

மீனை வைத்து முடிவெடுத்தால்

சாதாரண பிளெகோ, ஜிப்பிசெப்ஸ் இரண்டுக்கும் கல்லில் ஒட்டிய ஜாவா ஃபெர்ன், பெரிய அனுபியாஸ், ஃபில்டர் பெட்டியில் மணி பிளான்ட். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ராயல் பிளெகோ எனப்படும் பனாக்கே இனமாக இருந்தால் 'கல்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அது மரத்தை ஓயாமல் சுரண்டும் மீன். மரக்கட்டையில் கட்டிய செடியின் அடியிலிருந்தே மரத்தைத் துருவி எடுத்துவிடும், செடி ஒரு நாள் மிதக்கும்.

ரஃபேல், சினோடொன்டிஸ் போன்றவற்றுக்குத் தேர்வு அதிகம். வேர்பிடித்த வாலிஸ்நேரியா, சட்டியில் கிரினம், பிளெகோ இல்லையென்றால் சுவார்ட் எல்லாமே சரிவரும். அடியில் மெல்லிய, முனையில்லாத மணல்தான் வேண்டும். கூர்மையான சரளை செடிக்கு வசதி என்று போட்டால் மீசை தேயும்.

ரெட் டெயில், டைகர் ஷவல்நோஸ் இரண்டுக்கும் தொட்டிக்குள் செடியே வேண்டாம் என்பேன். அமேசான், ஒரினோகோ படுகைகளில் ஒரு மீட்டருக்கு மேல் வளரும் ரெட் டெயில், கடையில் விரலளவு குட்டியாக அழகான செடித்தொட்டியில் நீந்தும். அப்போது ஒரு இலையைக்கூட அசைக்காது. முதல் வருடத்திலேயே 30 செ.மீ. தாண்டிவிடும். அது திரும்ப வேண்டுமானாலே தொட்டியின் அகலம் முழுக்கத் தேவைப்படும், வால் ஒரு வீச்சில் கல்லோடு சேர்த்துச் செடியைப் பெயர்க்கும். பிய்ந்த இலையை விடுங்கள், செடிக்காக வைத்த கூழாங்கல், ஈயப்பட்டை, பிளாஸ்டிக் சட்டி இவை வயிற்றுக்குள் போவதுதான் உண்மையான ஆபத்து. உயிர்ச் செடி பிழைக்காது என்று பிளாஸ்டிக் செடி வைப்பது இதைவிட மோசம்; விழுங்கினால் செரிக்காது. சில ஆயிரம் லிட்டர் கொள்ளும் குளம் போன்ற அமைப்பு இல்லாதவர்கள் செடியை யோசிப்பதற்கு முன்னால் இந்த மீன் வேண்டுமா என்று யோசிக்கலாம். இருக்கிறது என்றால், சம்ப் நிறைய மணி பிளான்ட், பீஸ் லில்லி. உள்ளே வெறும் மணலும் பெரிய வழவழப்பான பாறைகளும்.

பங்காசியஸ் கூட்டமாக நீந்தும் மீன், 1.3 மீட்டர் வரை வளரக்கூடியது. அதற்கு வேண்டியது காலியான நீளம். பின்சுவரை ஒட்டி மேல்பகுதியில் அனுபியாஸ் கட்டலாம், நடுவில் எதுவும் கூடாது. விளக்கைச் சட்டென்று போட்டாலே மிரண்டு கண்ணாடியில் மோதும் மீன் என்பதால் மிதக்கும் செடியின் நிழல் மற்ற எல்லாக் கெளுத்தியையும் விட இதற்குத்தான் அதிகம் உதவும்.

வாங்கும்போது ஒரு விஷயம். கடைக்கு வரும் அனுபியாஸ், சுவார்ட் முதலியவை பெரும்பாலும் நீருக்கு வெளியே வளர்க்கப்பட்டவை. தொட்டிக்குள் வந்ததும் பழைய இலை உதிர்ந்து புது இலை வரும். முதல் மாதத்து வாட்டத்துக்கு மீனைக் குற்றம் சொல்ல வேண்டாம். நத்தையைக் கொல்ல மருந்து தெளித்த செடியும் வரும் என்பதால் சில நாள் வாளியில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகே உள்ளே விடுங்கள். செதில் இல்லாத கெளுத்திகளின் தோல் ரசாயனங்களை மற்ற மீன்களைவிடக் குறைவாகவே தாங்கும்.

அப்புறம் கத்தரித்துப் போடுவது. சால்வினியா, பிஸ்டியா, ஆகாயத்தாமரை (வாட்டர் ஹயசிந்த்) மூன்றும் சூடான நாடுகளின் ஏரிகளை மூடிக்கொண்டிருக்கும் செடிகள், சாதாரண பிளெகோவும் தொட்டியிலிருந்து விடப்பட்டுப் பல நாட்டு ஆறுகளில் பெருகிவிட்ட மீன். கழித்த செடியை வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். சாக்கடையிலோ குளத்திலோ வேண்டாம்.